காலி ஆணிக்கு ஒரு கேமரா

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கவில்லை. ஒரு கேமராக் கடையில் கிடந்தது, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். டார்ச் லைட்டுக்கு பாட்டரி வாங்கப் போயிருந்தேன். (கேமராக் கடையிலா என்று கேட்காதீர்கள். பக்கத்துக் கடை பூட்டியிருந்தது.) எனக்கு முன்னால் நின்றிருந்த மனிதர் இரண்டு கேமராக்களை மாற்றி மாற்றிக் காதோரம் வைத்து, பட்டனை அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தேங்காய் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்களே, அப்படி. வாசலோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு

(இந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது. "பரிதாபமாக இருந்தது" என்று எழுதினேன், பொய். "சிரிப்பு வந்தது" என்று எழுதினேன், அது பாதிப் பொய். இப்போதைக்கு இப்படியே தொங்கட்டும்.)

கடைக்காரர் பாட்டரியை என் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வாராவாரம் வர்றார் சார். ரெண்டையும் பாக்குறார், போயிடுறார். ஒரு நாள் நான்தான் அந்த ரெண்டையும் வாங்கிட்டுப் போகப்போறேன்."

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உண்மை. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கத்துக்கு மூன்று வரைவுகள் எழுதினேன்.

முதல் வரைவு: "அவர் கைகள் மருந்துகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் அவர் உள்ளம் ஒளியைத் தேடி" — வேண்டாம். எந்த உள்ளமும் ஒளியைத் தேடுவதாக என் கதையில் வரக்கூடாது என்று ஒரு வைராக்கியம் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் வரைவு: "பழைய டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவை மாற்ற நினைப்பவர், உள்ளே கண்ணாடி உள்ள பாடியா, கண்ணாடி இல்லாத பாடியா என்ற கேள்வியை முதலில்" — இது கட்டுரை. பிரயோஜனமான கட்டுரை. அதனாலேயே வேண்டாம்.

மூன்றாம் வரைவு: "டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்."

இது பரவாயில்லை. சின்ன வாக்கியம், யாரையும் தொந்தரவு செய்யவில்லை. இதையே வைத்துக்கொண்டேன். பின்னால் இதே வாக்கியம் என்னை வம்புக்கு இழுக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

3

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பு. போதும். அசையாத," என்றார் அவர் கணவர்.

கணவருக்குப் பெயர் வைக்கவில்லை. தேவையும் இல்லை. டீச்சரின் தம்பி வைத்த பட்டப்பெயர் ஒன்று குடும்பம் முழுக்கப் புழங்குகிறது: ஆராய்ச்சி. "ஆராய்ச்சி அத்தான் வந்துட்டாரா?" என்று அவர் காதுபடவே கேட்பான். அவரும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பல வருஷம் ஆகிறது.

ஆராய்ச்சி மருந்துக்கடை நடத்துகிறார். கடையில் அவர் வேறு ஆள். இருமல் மருந்து இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு எது நல்லது என்று யாராவது கேட்டால், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "ரெண்டும் ஒண்ணுதாங்க. கம்பெனிதான் வேற. எதையாவது வாங்கிக் குடிங்க, இருமல் நிக்கும்." வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. ஜனங்களுக்கு அவர்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

அவரிடம் ஒரு பழைய கேமரா இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. பிடியில் இருந்த ரப்பர் உரிந்து பசை போட்டு ஒட்டியிருந்தார். பின்பக்கத் திரையில் கீறல். ஆனாலும் அது நன்றாகவே படமெடுத்துக்கொண்டிருந்தது, ஒரு நாள் இணையத்தில் யாரோ ஒருவன் தாடியைத் தடவிக்கொண்டே "இந்த மாடலை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்" என்று சொல்லும்வரை. மறுநாளிலிருந்து அது மோசமாகப் படமெடுக்கத் தொடங்கியது.

மாற்ற வேண்டும் என்று முடிவானது. எதற்கு மாற்றுவது என்பதுதான் முடிவாகவில்லை. லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை இந்த உலகத்தில் பாடி என்கிறார்கள். இரண்டு பாடிகள் அவர் கண்ணில் பட்டன. ஒன்று பெரியது. பழைய பாணி, உள்ளே கண்ணாடி, கையில் எடுத்தால் செங்கல். அவரிடமிருந்த பழைய லென்ஸ்கள் எல்லாம் அதில் அப்படியே பொருந்தும். இன்னொன்று சின்னது. கண்ணாடி கிடையாது, புதுசு, ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். ஆனால் பழைய லென்ஸைப் போட நடுவே ஒரு வளையம் மாட்ட வேண்டும். பெரியதில் பாட்டரி நாள் முழுக்க நிற்கும். சின்னது மத்தியானமே கையை விரிக்கும். பெரியது நாளைக்கே வழக்கொழிந்து போகும் என்றார்கள். சின்னதைப் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கிறது என்றார்கள்.*

* யார் சொன்னார்கள்? ஆராய்ச்சி உறுப்பினராக இருந்த இணையக் கேமராக் குழு. முகம் தெரியாத ஆண்கள் பலர் கூடி, ஒருவர் வாங்கியது தப்பு என்று இன்னொருவருக்கு நிரூபிக்கும் இடம். படம் எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

4

(இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிண்டல் ஓடுகிறது, ஆனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஒரு மனிதன் கேமரா வாங்கவில்லை என்றால் உலகம் நின்றுவிடுமா? கதைக்கு ஓர் ஆணி தேவைப்பட்டது. அடித்துவிட்டேன்.)

டீச்சர் தலைமையாசிரியை ஆனார். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். தலைமைப் பொறுப்புக்கு வருகிறவரின் படம் முதல் பரிசளிப்பு விழாவன்று நடைக்கூடத்துச் சுவரில் ஏறும். இதுவரை ஏறியவர்கள் எல்லாரும் ஆண்கள். கறுப்பு வெள்ளையில் தொடங்கி வண்ணத்துக்கு வந்து, மீசை மெலிந்து, கோட்டு கழன்று, ஒரே வரிசையாக முறைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் பள்ளி எழுத்தர் ஆர்வக்கோளாறில் முன்கூட்டியே ஆணி அடித்து வைத்திருந்தார். டீச்சர் தினமும் காலையில் அந்தக் காலி ஆணியைத் தாண்டித்தான் தன் அறைக்குப் போக வேண்டும்.

ஆயுளில் கணவரிடம் எதையும் கேட்டுப் பழகாத டீச்சர் இதைக் கேட்டார்.

"ஏங்க, அந்தப் படத்த நீங்களே எடுத்துக் குடுங்க. ஸ்டூடியோக்காரன் எடுத்தா எல்லாரையும் மாதிரி நானும் முறைச்சுக்கிட்டு நிப்பேன். நீங்க எடுத்ததுன்னு இருந்தா எனக்குச் சந்தோஷமா இருக்கும்."

"எடுக்காம? ஆனா இந்தப் பழச வெச்சு எப்படிம்மா? சுவர்ல நிரந்தரமா தொங்கப்போற படம். பாடி வரட்டும்."

"எப்ப வரும்?"

"விழாவுக்கு முன்னாடி வந்துரும்."

டீச்சர் தலையை ஆட்டினார். அன்று முதல் சோதனைகள் ஆரம்பமாயின. கேமராவைச் சோதிக்க அசையாமல் இருக்கிற முகம் ஒன்று வேண்டும். வீட்டில் அப்படி ஒரு முகம்தான் இருந்தது.

5

ஆராய்ச்சி இரண்டு பாடிகளையும் வாடகைக்கு எடுத்து வந்தார். அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே வெளிச்சம். நிறம் பிசகாமல் தெரிய வேண்டும் என்பதற்காக டீச்சரைச் சாம்பல் நிறத்தில் உடுத்தச் சொன்னார். கேமராவை நிறுத்த முக்காலியைப் போட்டார். பெரியதால் எடுத்தார், சின்னதால் எடுத்தார். வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தார், கூட்டி எடுத்தார்.

"சிரிக்கட்டுமா?" என்றார் டீச்சர்.

"வேணாம் வேணாம். சிரிச்சா கன்னம் அசையும். அப்புறம் ரெண்டையும் ஒப்பிட முடியாது."

படங்களைக் கணினியில் போட்டு முழு அளவுக்குப் பெருக்கினார். முழு அளவு என்றால் திரை நிறைய ஒரு புருவம். அடுத்த திரையில் காதில் பாதி. இருட்டான இடங்களில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் வருகின்றனவா என்று தேடினார். வலது மேல் மூலையில் திரைச்சீலையின் நெசவு தெரிகிறதா என்று தேடினார். மூலைகளில் அவருக்கு உயிர். மனைவியின் முகம் படத்தின் நடுவில் இருந்தது. நடுவில் எல்லா லென்ஸும் நன்றாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

அப்படியும் முடிவு வரவில்லை. அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். டீச்சரின் இடது கண்ணையும் கன்னத்தையும் தாடையையும் தனித்தனியாக வெட்டி, "அ", "ஆ" என்று போட்டு, எது எந்தக் கேமரா என்று சொல்லாமல், குழுவில் ஏற்றினார். "நண்பர்களே, நேர்மையான கருத்து தேவை."

நேர்மைக்கா பஞ்சம்?

ஷட்டர்சாமி என்பவர்: "அ-வில் தோல் செத்துக் கிடக்கிறது. தாடைக்குக் கீழே சேறு."

ஒளிவேட்டை: "ஆ-வைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாகத் தெரிகிறது. அபாரம்! சென்சார் என்றால் இது."

முழுச்சட்டகம்: "இரண்டிலும் லேசான அசைவு இருக்கிறது நண்பரே. முக்காலி போட்டீர்களா?"

அதற்கு ஆராய்ச்சி எழுதிய பதில்: "கேமரா முக்காலியில்தான் இருந்தது. சப்ஜெக்ட்தான் மூச்சு விட்டிருக்கிறது."

நூறு பேர் சிரித்து வைத்திருந்தார்கள். ஒருவர் அடுத்த முறை பொம்மையை வைத்து எடுக்கும்படி யோசனை சொல்லியிருந்தார். "நல்ல யோசனை. ஆனால் பொம்மைக்குத் தோல் இல்லையே," என்று அதற்கும் ஆராய்ச்சி பொறுப்பாகப் பதில் போட்டிருந்தார்.

6

டீச்சரின் தம்பியும் அந்தக் குழுவில் இருந்தான். அத்தானைக் கிண்டல் செய்ய விஷயம் தேடித்தான் சேர்ந்திருந்தான். இந்த முறை அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேரே வந்து, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் போனை நீட்டினான்.

"இது உன் கண்ணுதானேக்கா?"

டீச்சர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படித்தார். முதலிலிருந்து கடைசிவரை, விடைத்தாள் படிக்கிற மாதிரி, ஒன்றும் விடாமல். ஆராய்ச்சி உள்ளே வந்தபோது போன் இன்னும் டீச்சர் கையில்தான் இருந்தது.

"ரெண்டு கேமராலயும் என்னைய எடுத்தீங்களே. எதுல நான் நல்லா இருக்கேன்?"

"ஆ-ல நிழல் பகுதி ரொம்ப..."

"நிழலக் கேக்கல. என்னையக் கேக்குறேன். என்ன கலர் உடுத்தியிருந்தேன்?"

"சாம்பல்," என்றார் ஆராய்ச்சி, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த உற்சாகத்தோடு. "நான்தானே உடுத்தச் சொன்னேன்."

"முகம் எப்படி இருந்துச்சு? சந்தோஷமா இருந்தேனா, கோவமா இருந்தேனா, அசதியா இருந்தேனா?"

ஆராய்ச்சி வாயைத் திறந்தார். இமைமயிர் ஞாபகம் இருந்தது. காதுத் தோட்டின் பளபளப்பு ஞாபகம் இருந்தது. திரைச்சீலையின் மூலை நன்றாகவே ஞாபகம் இருந்தது. அந்தத் துண்டுகளை எல்லாம் மனசுக்குள் ஒட்டிப் பார்த்தார். முகம் வரவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதாங்க," என்றார் டீச்சர். "கம்பெனிதான் வேற. எதையாவது வாங்கிக்குங்க. என் படத்தப் பத்தி இனி நீங்க கவலப்பட வேணாம்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஆராய்ச்சியோ, இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, நிம்மதி அடைந்தார். கெடு தள்ளிப்போயிற்று. இன்னும் அவகாசம் இருக்கிறது. சின்னதன் அடுத்த மாடல் வருகிறது என்று வேறு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

7

இங்கே எனக்கு டீச்சர்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு பொறுமையாக யார் இருப்பார்கள்? நிஜத்தில் அந்த இஸ்திரிப் பெட்டி பறந்திருக்காதா? பறக்கவிட்டு ஒரு பக்கம் எழுதினேன். பெட்டி பெரியதன்மேல் விழுகிறது, சின்னது தப்பிக்கிறது, பிரச்சினை தீர்ந்து

"சார், ஒரு நிமிஷம்."

டீச்சர்தான். எனக்கு எதிரே நின்றிருந்தார்.

"பெட்டி எல்லாம் வேணாம். எனக்கு உங்ககிட்ட வேற கேள்வி இருக்கு. நீங்க என்னைய எங்க உக்கார வெச்சீங்க?"

"நாற்காலியில மேடம்."

"எப்ப எழுந்தேன்?"

பக்கங்களைப் புரட்டினேன். கடையில் ஸ்டூல், வீட்டில் நாற்காலி. ஒரே ஒருமுறை நிற்க வைத்திருக்கிறேன், அதுவும் இஸ்திரி போட.

"அவருக்குக் கடை குடுத்தீங்க, குழு குடுத்தீங்க, ரெண்டு கேமரா குடுத்தீங்க. எனக்கு என்ன குடுத்தீங்க? ஒரு கண்ணு, ஒரு தாடை, ஒரு காது. நானும் படிச்சுப் பாத்துட்டேன், மூக்குகூட இல்ல. நான் ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்துறேன் சார். அதப் பத்தி ஒரு வரி எழுதினீங்களா?"

"வரிசையா மாட்டின படங்களப் பத்தி எழுதினேனே..."

"அதுவும் சுவர்தான்," என்றார் டீச்சர்.

பரிகாரமாக ஒரு காலை நேரத்தை எழுதினேன். டீச்சர் பள்ளிக்குள் நுழைகிறார். நடக்கிறார். நடை வேகமானது, கூட வருகிறவர்கள் ஓட வேண்டும். பின்கட்டில் குழாய் உடைந்து தண்ணீர் வகுப்புக்குள் ஓடுகிறது. அதற்கு ஆள் அனுப்புகிறார். ஒரே பாடவேளைக்கு இரண்டு வாத்தியார்கள் சண்டை போடுகிறார்கள். இருவரையும் அனுப்பிவிட்டு அந்த வகுப்பைத் தானே எடுக்கிறார். மகன் பெயிலானதற்குச் சண்டைக்கு வந்த ஒரு தகப்பனார், போகும்போது கும்பிட்டுவிட்டுப் போகிறார். இத்தனைக்கும் நடுவே எழுத்தர் போனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறார். "மேடம், ஐடி கார்டுக்கு ஒரு போட்டோ, ஒரே ஒரு போட்டோ." டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்புகிறார். எழுத்தர் ஏதோ கேட்கிறார். டீச்சர் சிரிக்கிறார்.

என்ன கேட்டார் என்று அப்போது எனக்கே தெரியாது. எழுதிவிட்டு மேலே போனேன்.

8

இனி முடிவுகள்.

முதல் முடிவு: ஆராய்ச்சி பெரியதை வாங்குகிறார். மறுவாரம் சின்னதன் விலை இறங்குகிறது. சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாம் முடிவு: சின்னதை வாங்குகிறார். வளையத்தைத் தொலைக்கிறார்.

மூன்றாம் முடிவு: ஞானோதயம். எல்லாவற்றையும் விற்றுவிட்டு, "உன் கண்கள்தான் எனக்கு" — தூ. மன்னிக்கவும்.

(மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல நாள் ஒப்பிட்டேன். முதலாவதில் வேகம் அதிகம், இரண்டாவது கைக்கு அடக்கம். இந்த வியாதி தொற்றும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.)

மூன்றுமே கேமராவின் முடிவுகள். ஆணிக்கு அவற்றில் பதில் இல்லை. ஆகவே ஆராய்ச்சியைப் பரிசளிப்பு விழாவுக்கே அனுப்பிவிட்டேன்.

9

ஆராய்ச்சி வெறுங்கையோடு எங்கேயும் போகமாட்டார். பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். விழா தொடங்க நேரம் இருந்தது. நடைக்கூடத்தில் யாருமில்லை. முறைக்கிற ஆண்களை ஒவ்வொருவராகத் தாண்டிக் கடைசிக்கு வந்தார். ஆணி காலியாக இல்லை.

பழக்கதோஷம், படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார். படம் படு மோசம். அதில் சந்தேகமே வேண்டாம். போனில் எடுத்ததைச் சுவர்ப் படத்தின் அளவுக்கு இழுத்திருந்தார்கள். நிழல் முழுக்கப் புள்ளி. டியூப் லைட்டின் பச்சை கன்னத்தில் ஏறியிருந்தது. துல்லியமாக விழுந்திருந்தது ஓரத்தில் இருந்த ஜன்னல் கம்பிதான். மூலைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"நான் எடுத்தது சார்," என்றது பின்னால் ஒரு குரல். எழுத்தர். முகமெல்லாம் பெருமை. "ஐடி கார்டுக்கு எடுத்தேன். மேடம் இதையே சுவர்லயும் மாட்டச் சொல்லிட்டாங்க. வேற நல்லதா எடுக்கலாம்னேன், இதுதான் வேணும்னுட்டாங்க."

"நல்லா சிரிக்க வெச்சிருக்கீங்க," என்றார் ஆராய்ச்சி. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னது. சொன்ன பிறகுதான் படத்தில் இருப்பது சிரிப்பு என்பதே அவருக்கு உறைத்தது.

"நான் எங்க சார் சிரிக்க வெச்சேன்? சாதாரணமாத்தான் கேட்டேன். சார் பெரிய போட்டோகிராபராமே, அவர் எடுத்த உங்க படம் வீட்ல நிறைய இருக்குமே, ஒண்ணு கொண்டாங்களேன்னு கேட்டேன். அதுக்குப் போய் மேடம் இந்தச் சிரிப்பு சிரிச்சாங்க. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

எழுத்தரை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

ஆராய்ச்சிக்குப் புரிந்தது. காது சூடேறியது. வெட்கம் என்றால் இப்படி உடம்பில் வந்து அடிக்கும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. எழுத்தர் எடுத்த மோசமான படத்தில், தன்னை நினைத்து, தன் மனைவி சிரித்துக்கொண்டிருக்கிறார். டீச்சர் அந்தப் பள்ளியில் இருக்கிற காலம்வரை, போன பிறகும், அந்தச் சிரிப்பு அந்தச் சுவரில் இருக்கும். போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் நல்ல டீச்சர் என்று நினைத்துக்கொள்ளும். எதற்குச் சிரித்தார் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அவர்களில் ஒருவர் இப்போது நடைக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து வருகிறார். விருந்தினர்களை மேடையில் உட்கார வைத்துவிட்டு, எதையோ எடுத்துப்போக, அதே வேக நடை. கணவரைப் பார்த்துவிட்டார். படத்துக்கு முன்னால் நிற்பதையும் பார்த்துவிட்டார். ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் அவர்மேல் விழுந்து விலகுகிறது. ஆராய்ச்சியின் கை கழுத்தில் தொங்கும் பழைய கேமராவின்மேல் இருக்கிறது, பசை போட்டு ஒட்டிய அந்தப் பிடியில்.

இங்கே நிறுத்திவிட்டேன். கேமராவைத் தூக்குகிறார் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கேமராவைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு எதிரே நடக்கிறார் என்று இன்னொரு பக்கம். இரண்டையும் நெடுநாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், இனி என் கண்ணுக்கு மூலைகள்தான் தெரியும். ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லித் தப்பிக்க நினைத்தேன். ஆனால் இரண்டும் ஒன்று இல்லை, டீச்சருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆகையால் நீங்களே முடிவு செய்யுங்கள். முதல் பகுதியில் நான் தொங்கவிட்ட வாக்கியத்தையும் முடிந்தால் முடித்து வையுங்கள். ரொம்ப யோசிக்க அவகாசம் கிடையாது. டீச்சர் நடந்து வந்துகொண்டிருக்கிறார், இந்த முறை நாற்காலி போடவில்லை.